‘புரோக்கன் பேக்கேஜ்’ எர்ரரா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

லினக்ஸிலோ நிரல் எழுதும்போதோ ஒரு பேக்கேஜை (நிறுவத் தயாராகக் கட்டிய செயலி அல்லது நூலகம்) நிறுவப் போய் பத்து வரி எர்ரரோடு திரும்பும்போது, கடைசி வரியை நகலெடுத்துத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. கிடைக்கும் விடைகளில் பல ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லோடு முடியும். அதில் கை வைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கடைசி வரியில் பெயர் அடிபடும் பேக்கேஜ் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. எய்தவன் இருக்க அம்பை நோகிற கதைதான். டிபென்டன்சி (ஒரு பேக்கேஜ் ஓட வேறொன்று தேவைப்படுவது) பிழை என்று நாம் திட்டுவதில் கணிசமானவை உண்மையில் இடமாற்றப் பிழைகள்: ஒரு பேக்கேஜ் பெயர் மாறியிருக்கும், இரண்டாகப் பிரிந்திருக்கும், அல்லது அதே வேலையைச் செய்யும் இன்னொன்று வேறு ரெப்போவிலிருந்து (பேக்கேஜ்களைத் தரும் களஞ்சியம்) வந்து உட்கார்ந்திருக்கும். அந்த மாற்றத்தை யாரோ ஒருவர் அரைகுறையாக அறிவித்திருப்பார்.

ஆகவே எந்த அறிகுறியானாலும் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தப் பெயரை இப்போது யார் தருகிறார்கள்? யார் யாரை வெளியே போகச் சொல்கிறார்கள்? கீழே வரும் எல்லாமே இந்த இரண்டுக்கும் விடை கண்டுபிடிக்கும் வழிகள்தான். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் பக்கம் அதிகம் பேசியிருக்கிறேன். அங்கேதான் இந்த விதிகள் மிக விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. மற்றவை அதன் சாயலில் புரிந்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒத்திகை பார்த்துவிடுங்கள். அவற்றின் பேக்கேஜ் மேலாளரான ‘ஆப்ட்’ கட்டளைக்கு ‘சிமுலேட்’ தேர்வு இருக்கிறது. ரெட்ஹேட் வகையின் ‘டிஎன்எஃப்’ என்றால் ‘அஸ்யூம்நோ’. வட்டில் எதுவும் மாறாது, திட்டம் மட்டும் திரையில் வரும். அதில் நிறுவப்போகும் பட்டியலைவிட நீக்கப்போகும் பட்டியல்தான் முக்கியம்.

அறிகுறி: ‘அன்மெட் டிபென்டன்சிஸ்’ என்று தொடங்கி ‘ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்’ என்று முடிகிறது

‘ஹெல்ட்’ என்ற சொல்லை நம்பி நேரம் போக்க வேண்டாம். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காலியாகத்தான் வரும். ஏதாவது வந்தால் நல்லது, அதை ஏன் பிடித்து வைத்தார்கள் என்று விசாரித்துவிட்டு ‘அன்ஹோல்ட்’ செய்தால் வேலை முடிந்தது. காலி என்றால், கேட்டதை நிறைவேற்ற ஒரு வழியும் தனக்குப் புலப்படவில்லை என்று ஆப்ட் சொல்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் நடு வரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு டிபென்டன்சி வரியும் மூன்று விதமாக முடியலாம். ‘நாட் இன்ஸ்டாலபிள்’ என்றால், அந்தப் பெயரில் எந்த ரெப்போவிலும் எதுவும் இல்லை; ரெப்போ சேர்க்கப்படவில்லை அல்லது பெயர் மாறிவிட்டது. ‘நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு’ என்றால், பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் அதற்குள்ளே இன்னும் ஆழத்தில் ஏதோ தடுக்கிறது. ஒரு பதிப்பு எண்ணைச் சொல்லி ‘அதுதான் நிறுவப்படப் போகிறது’ என்று முடிந்தால், பதிப்பு பொருந்தவில்லை.

இரண்டாவது வகைக்கு மருந்து எளிது: தடுக்கப்பட்ட அந்தப் பேக்கேஜையே பெயர் சொல்லி நிறுவக் கேளுங்கள். அது இன்னொன்றைக் காட்டும். அதையும் கேளுங்கள். இரண்டு மூன்று படியில் உண்மையான சண்டை வெளியே வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு உபுண்டுவில் அடிக்கடி காணும் ஒன்று. டாக்கர் நிறுவனத்தின் ரெப்போவிலிருந்து ‘கண்டெய்னர்டி.ஐஓ’ ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. பிறகு உபுண்டுவின் சொந்த ‘டாக்கர்.ஐஓ’ பேக்கேஜைக் கேட்கிறீர்கள். அதற்குத் தேவை உபுண்டுவின் ‘கண்டெய்னர்டி’, அதுவும் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மேல். டாக்கரின் ‘கண்டெய்னர்டி.ஐஓ’வோ, ‘கண்டெய்னர்டி’யோடு ‘கான்ஃபிளிக்ட்ஸ்’ (இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது) என்று எழுதி வைத்திருக்கிறது. அதே கையோடு ‘புரொவைட்ஸ்: கண்டெய்னர்டி’ (அந்தப் பெயரின் வேலையை நானே தருகிறேன்) என்றும் எழுதியிருக்கிறது! அப்படியானால் தேவை நிறைவேற வேண்டாமா? வேண்டாம். பதிப்பு எண் சொல்லாத ‘புரொவைட்ஸ்’, பதிப்பு எண் கேட்கும் ‘டிபென்ட்ஸ்’க்கு ஈடாகாது என்பது டெபியன் விதி. நான் அவன்தான் என்று சொன்னால் போதாது, எந்தப் பதிப்பு என்றும் சொல்ல வேண்டும். இங்கே சரிசெய்ய எதுவும் உடையவில்லை. இரண்டு குடும்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதன் பேக்கேஜ்களை முழுக்க நீக்கிவிட்டு நிறுவுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்று வைத்தால் அடுத்த அப்டேட்டில் இதே எர்ரர் திரும்பி வரும்.

மூன்றாவது வகையான பதிப்புப் பொருத்தமின்மை, பெயர் ‘டெவ்’ என்று முடியும் பேக்கேஜ்களில்தான் அதிகம். அவை தம் நூலகத்தின் அச்சு அசலான பதிப்பையே கேட்கும். மேலே உள்ளதும் ஆகாது, கீழே உள்ளதும் ஆகாது. கணினியில் இருக்கும் நூலகமோ ஒரு பிபிஏவிலிருந்து (தனிநபரோ குழுவோ உபுண்டுவுக்கு நடத்தும் ரெப்போ) வந்த புதிய பதிப்பு. அல்லது நூலகம் செக்யூரிட்டி ரெப்போ வழியாக முன்னேறிவிட்டது, பின்னால் யாரோ அந்த ரெப்போ வரியை நீக்கிவிட்டார்கள். ‘ஆப்ட் பாலிசி’ என்று போட்டு நூலகத்தின் பெயரைக் கொடுங்கள். மூன்று நட்சத்திரம் போட்டது நிறுவியிருக்கும் பதிப்பு. அதன் கீழே ரெப்போ முகவரி எதுவும் இல்லாமல், கணினியின் சொந்த ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் 100 என்ற எண்ணோடு நின்றால், அந்தப் பதிப்பு அனாதை. இன்று எந்த ரெப்போவும் அதைத் தருவதில்லை. விடுபட்ட ரெப்போவைத் திரும்பச் சேருங்கள், அல்லது பேக்கேஜ் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு ரெப்போவில் உள்ள பதிப்பைச் சொல்லி அதற்கு இறக்குங்கள். பிபிஏ என்றால் ‘பிபிஏ-பர்ஜ்’ என்ற கருவி அந்த ரெப்போவிலிருந்து வந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பழைய பதிப்புக்குத் திருப்பிவிடும்.

அறிகுறி: நேற்றுவரை இருந்த பேக்கேஜ், இன்று ‘நோ இன்ஸ்டலேஷன் கேண்டிடேட்’

பெயர் மாற்றம். 2024இல் இது கூட்டமாக நடந்தது. 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038இல் நிரம்பிவிடும் என்பதால், அதை 64 பிட்டாக்கும் பணியில் டெபியனும் உபுண்டுவும் நூற்றுக்கணக்கான நூலகங்களின் பெயர் முடிவில் ‘டி64’ என்று ஒட்டின. உபுண்டு 24.04இல் ‘லிப்அசவுண்ட்2’ என்று கேட்டால், அது வெறும் மெய்நிகர் பெயர், தருபவர் இருவர், யார் வேண்டும் என்று சொல் என்று ஆப்ட் திருப்பிக் கேட்கும். ஆல்சா ஒலி அமைப்பின் அசல் நூலகம் ‘லிப்அசவுண்ட்2டி64’. மற்றது ஓஎஸ்எஸ் அமைப்புக்காக எழுதப்பட்ட மாற்று. அவசரத்தில் பட்டியலில் கண்ணில் பட்டதை நிறுவினால் நிறுவல் ஒழுங்காக முடியும், சில செயலிகள் மட்டும் திறக்கும்போது ‘அன்டிஃபைன்டு சிம்பல்’ என்று விழும். பேக்கேஜ் மேலாளரைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அதனால்தான் ‘புரொவைட்ஸ்’ என்பதை நான் பாதி உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்வேன்.

டாக்கர்ஃபைலிலும் நிறுவல் ஸ்கிரிப்டிலும் பழைய பெயர் எழுதியிருந்தால் புதுப் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய டெப் கோப்பை (டெபியன் பேக்கேஜ் கோப்பு) எங்கிருந்தோ இறக்கி வைப்பது தீர்வல்ல. பழையதையும் புதியதையும் ஒன்றாக வைக்க முடியாதபடி புதியதில் ‘பிரேக்ஸ்’ என்ற வரி எழுதியிருப்பார்கள்.

அறிகுறி: ‘டிரையிங் டு ஓவர்ரைட்’, அந்தக் கோப்பு இன்னொரு பேக்கேஜிலும் இருக்கிறது

எல்லாவற்றிலும் சுவையான பிழை இதுதான். இங்கே டிபென்டன்சி கணக்கு முடிந்துவிட்டது, ஆப்ட் ஒப்புக்கொண்டுவிட்டது. அதன் பிறகு கோப்புகளை வட்டில் பிரிக்கும் ‘டிபிகேஜி’ மறுக்கிறது: ஒரே பாதையில் ஒரே கோப்பை இரண்டு பேக்கேஜ்கள் சொந்தம் கொண்டாட நான் விடமாட்டேன். அதன் பின் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி இதே இடத்தில் வந்து நிற்கும்.

முதலில் இரண்டு சொந்தக்காரர்களையும் ஒப்பிடுங்கள். ‘டிபிகேஜி’க்குப் பெரிய எஸ் தேர்வோடு கோப்பின் பாதையைக் கொடுத்தால் இப்போதைய உரிமையாளர் வருவார். பிறகு ஒரு கேள்வி: இரண்டும் ஒரே மூலத்திலிருந்து (சோர்ஸ் பேக்கேஜ்) வந்தவையா?

ஒரே மூலம் என்றால், பேக்கேஜைப் பிரிக்கும்போது கோப்பு இடம் மாறியிருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். பழைய பேக்கேஜைப் புதுப் பதிப்புக்கு முதலில் உயர்த்திப் பாருங்கள். புதுப் பதிப்பில் அந்தக் கோப்பு இருக்காது, மோதலும் இருக்காது. உயர்த்த முடியாத நிலையில், இந்த ஒரு இடத்தில் மட்டும், ‘ஃபோர்ஸ்-ஓவர்ரைட்’ பயன்படுத்தலாம் என்பேன். எப்படியும் அந்தக் கோப்பு புதியவருக்கே போகப்போகிறது.

வேறு வேறு மூலம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே பெயரில் வேறு வேறு வேலை செய்யலாம். மேலே எழுதப்பட்டது தோற்ற நிரல் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை நீக்குங்கள்.

பேக்கேஜ் கட்டுபவர் நீங்களே என்றால், சரியான மருந்து கண்ட்ரோல் கோப்பில் (பேக்கேஜின் விவரக் கோப்பு) இரண்டு வரி. ‘ஃபூ’ என்ற பேக்கேஜிலிருந்த கோப்பு, 1.2-3 பதிப்பில் ‘ஃபூ-டேட்டா’வுக்குப் போகிறது என்று வையுங்கள். ‘ஃபூ-டேட்டா’வில் ‘ரிப்ளேசஸ்: ஃபூ (<< 1.2-3)’ என்றும், அதே எல்லையோடு ‘பிரேக்ஸ்: ஃபூ (<< 1.2-3)’ என்றும் எழுத வேண்டும். பலர் முதல் வரியை எழுதி, எர்ரர் போய்விட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்போது என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய ‘ஃபூ’ கணினியில் இருக்க, புதிய ‘ஃபூ-டேட்டா’ நுழைந்து கோப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. ‘ஃபூ’வின் பட்டியலிலிருந்து அந்த வரி போய்விடுகிறது. பிறகு யாரோ ‘ஃபூ-டேட்டா’வை நீக்குகிறார்கள், கோப்பும் அதோடு அழிகிறது. இப்போது ‘ஃபூ’ ஓடாது. ஆனால் எல்லா டிபென்டன்சியும் நிறைவேறியிருக்கிறது, எந்தக் கட்டளையும் குறை சொல்லாது. ‘பிரேக்ஸ்’ இருந்திருந்தால் பழைய ‘ஃபூ’வோடு சேர்ந்து ‘ஃபூ-டேட்டா’ நிறுவப்பட்டே இருக்காது. எல்லையை எழுதும்போது 1.2-3க்குப் பின் ஒரு டில்டே குறி சேர்த்தால், அதே பதிப்பின் பேக்போர்ட்டும் (பழைய வெளியீட்டுக்காகத் திரும்பக் கட்டியது) சிக்காமல் தப்பும்.

இதே விதியின் இன்னொரு முகம்: நீக்கச் சொல்லாத பேக்கேஜ் ஒன்று ‘டிஸ்அப்பியர்’ ஆனது என்று திரையில் ஒரு வரி ஓடும். ஒன்றின் கோப்புகள் அத்தனையையும் இன்னொன்று எடுத்துக்கொண்டு, அதை நம்பி வேறு எதுவும் இல்லையென்றால், டிபிகேஜி அதை மறைந்ததாகக் குறித்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் நிரலின் ஒரு கோப்பைக் காணோம்

மேலே சொன்ன ‘ஃபூ’ கதையின் பின்விளைவு. ‘டிபிகேஜி வெரிஃபை’ ஓட்டினால் ‘மிஸ்ஸிங்’ என்று சில வரிகள் வரலாம். வராமலும் போகலாம், ஏனென்றால் உரிமைப் பட்டியலிலேயே அந்தக் கோப்பு இல்லையே! சந்தேகப்படும் பேக்கேஜை ‘ரீஇன்ஸ்டால்’ செய்யுங்கள். பட்டியலும் கோப்பும் சேர்ந்தே திரும்பும். மேலிருக்கும் ‘லிப்’ அடைவை ‘யூஎஸ்ஆர்’ உள்ளே இணைத்த மாற்றத்தின்போதும் இதே ஆபத்து இருந்தது. இரண்டு பாதைகளும் ஒரே இடம் என்பது டிபிகேஜிக்குத் தெரியாது. எனவே ஒரு கோப்பு பேக்கேஜும் மாறி பாதையும் மாறினால், பழையதை நீக்குவதாக நினைத்துப் புதியதை நீக்கிவிடும்.

அறிகுறி: ‘கெப்ட் பேக்’ என்று சில பேக்கேஜ்கள் நிற்கின்றன

பல நேரங்களில் இது பிழையே அல்ல. ‘ஆப்ட் அப்கிரேடு’ எதையும் நீக்காது. பழைய ‘ஆப்ட்-கெட் அப்கிரேடு’ புதிதாக எதையும் சேர்க்கவும் செய்யாது. புதுப் பதிப்புக்கு ஒன்றை நீக்க வேண்டியிருந்தால் அது காத்திருக்கும். ‘ஃபுல்-அப்கிரேடு’ ஒத்திகை பார்த்து, நீக்கப் பட்டியல் நியாயமாக இருந்தால் ஓட்டலாம். உபுண்டுவில் 21.04 முதல் ஆப்ட்டே அப்டேட்டுகளைக் கட்டம் கட்டமாக எடுப்பதால், உங்கள் முறை வரும்வரை நிற்பதும் உண்டு. விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சின்னதாக ஒன்றைக் கேட்டால், பாதி கணினியை நீக்கட்டுமா என்கிறது

எக்சிம், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டும் மின்னஞ்சல் அனுப்பும் சேவை நிரல்கள்; எக்சிம் இருக்கும் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவினால் எக்சிம் போகும். இரண்டுமே ‘மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்’ என்ற பொதுப் பெயரை ‘புரொவைட்ஸ்’, ‘கான்ஃபிளிக்ட்ஸ்’, ‘ரிப்ளேசஸ்’ மூன்றிலும் எழுதியிருப்பதால், ஒரு நேரத்தில் ஒருவர்தான். இது திட்டமிட்ட இடமாற்றம், ‘யெஸ்’ சொல்லலாம்.

டெஸ்க்டாப்பும் திரை மேலாளரும் நீக்கப் பட்டியலில் வந்தால் கதை வேறு. எங்கோ ஒரு நூலகம் இரண்டு கட்டமைப்புகளுக்கு இரண்டு பதிப்பில் நிற்கிறது, அல்லது ரெப்போவில் ஒரு பகுதி இன்னும் ஏறவில்லை. 32 பிட் பேக்கேஜைக் கேட்கும் விளையாட்டுச் செயலிகளில் இது சகஜம்; ஒரே நூலகத்தின் 32 பிட், 64 பிட் வடிவங்கள் இரண்டும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். பட்டியலை அப்டேட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் அதேதான் என்றால், ‘ஆப்டிட்யூட் வை-நாட்’ கட்டளை தடையின் சங்கிலியை வரி வரியாகக் காட்டும். முன்பெல்லாம் அடிப்படைப் பேக்கேஜையே நீக்கப்போகும்போது ஒரு நீண்ட சம்மத வாக்கியத்தைத் தட்டச்சச் சொல்லும். அதையும் படிக்காமல் தட்டியவர்கள் உண்டு. 2021 இறுதியில் அந்தக் கதவையே ஆப்ட் மூடிவிட்டது. இப்போது தனித் தேர்வு கொடுத்தால்தான் நடக்கும்.

அறிகுறி: ரெட்ஹேட் வகையில் ‘கான்ஃபிளிக்ட்ஸ் வித்’, அல்லது நீக்கியது திரும்பி வருகிறது

ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வரிசையின் கண்டெய்னர் படிமங்களில், இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் ‘கர்ல்’ நிறுவப் போனால், ஏற்கெனவே இருக்கும் ‘கர்ல்-மினிமல்’ மறிக்கும். எர்ரரின் அடியிலேயே ‘அலவ்இரேசிங்’ சேர்த்துப் பார் என்று டிஎன்எஃப் யோசனை சொல்லும். அதைவிட ‘டிஎன்எஃப் ஸ்வாப்’ நல்லது. எது போகிறது, எது வருகிறது என்று இரண்டு பெயரையும் நாமே சொல்லிவிடுவதால், மூன்றாவதாக ஒன்று சத்தமில்லாமல் கழன்று போகாது. அதற்கும் முன்னால், முழுப் பேக்கேஜ் தேவையா என்று பாருங்கள். எச்டிடிபிஎஸ் வழியாக ஒரு கோப்பை இறக்கத்தான் என்றால் சிறு வடிவமே போதும். நிறுவும் வரியை எடுத்துவிடலாம்.

வேண்டுமென்று வைத்த பழைய பேக்கேஜ் ஒவ்வொரு அப்டேட்டிலும் வேறொன்றாக மாறினால், அந்தப் புதியதில் ‘அப்சொலீட்ஸ்’ (அந்தப் பழையதன் இடத்தை நான் எடுக்கிறேன்) எழுதியிருக்கிறது. ‘ரெப்போகுவெரி’க்கு ‘வாட்அப்சொலீட்ஸ்’ தேர்வு கொடுத்தால் யார் என்று தெரியும். ஆர்பிஎம் (ரெட்ஹேட் வகையின் பேக்கேஜ் வடிவம்) கட்டுபவர்களுக்கு இரண்டு சொல். பெயர் மாற்றும்போது ‘அப்சொலீட்ஸ்’ மட்டும் எழுதினால் பழையது வெளியேறும், ஆனால் பழைய பெயரை நம்பியிருந்தவை அந்தரத்தில் நிற்கும். பழைய பெயரைப் பதிப்போடு ‘புரொவைட்ஸ்’ஸும் செய்ய வேண்டும். ‘அப்சொலீட்ஸ்’ அசல் பேக்கேஜ் பெயரை மட்டுமே பார்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘புரொவைட்ஸ்’ வழி வந்த மெய்நிகர் பெயரை அங்கே எழுதினால் எதுவும் நடக்காது.

அறிகுறி: ஆர்ச் லினக்ஸில் ‘எக்ஸிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்’, அல்லது மாற்றட்டுமா என்ற கேள்வியே வரவில்லை

ஆர்ச்சின் பேக்கேஜ் மேலாளரான பேக்மேன் ‘ரிப்ளேசஸ்’ஸை முழு சிஸ்டம் அப்கிரேடின்போது மட்டுமே பார்க்கும். ஒரு பேக்கேஜைத் தனியாக நிறுவும்போது அது கண்ணில் படாது. பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒன்றை மட்டும் நிறுவும் பழக்கம் இருந்தால், இந்த அறிகுறியின் மூலம் அதுதான்.

கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழைக்கு ‘ஓவர்ரைட்’ கொடுக்கும் முன், ஆர்ச்சின் செய்திப் பக்கத்தைப் பார்ப்பது விதி. 2025 ஜூனில் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ பல பேக்கேஜ்களாகப் பிரிந்தபோது என்விடியா அடைவின் சிம்லிங்க் அமைப்பும் மாறியதால், அப்கிரேடு இந்த எர்ரரோடு நின்றது. அவர்கள் சொன்ன வழி: டிபென்டன்சி சோதனையைத் தவிர்த்துப் பழையதை நீக்கு, உடனே முழு அப்கிரேடோடு அதே பெயரைத் திரும்ப நிறுவு. இடையில் ரீபூட் செய்யாதீர்கள். ஃபர்ம்வேர் இல்லாமல் வைஃபையே எழாமல் போகலாம்.

அறிகுறி: பைத்தானில் ‘பிப்’ எல்லாம் சரி என்கிறது, இம்போர்ட் மட்டும் விழுகிறது

பைத்தானின் பேக்கேஜ் நிறுவியான ‘பிப்’புக்கு இடமாற்றம் என்ற எண்ணமே கிடையாது. ‘அப்சொலீட்ஸ்’ போன்ற ஒரு புலம் மெட்டாடேட்டாவில் இருந்தும் அது கண்டுகொள்வதில்லை. ‘ஓபன்சிவி-பைத்தான்’, ‘ஓபன்சிவி-பைத்தான்-ஹெட்லெஸ்’ இரண்டும் ஒரே ‘சிவி2’ அடைவில் எழுதுபவை. இரண்டு வேறு நூலகங்கள் ஆளுக்கொன்றைக் கேட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். ‘பிப் செக்’ ஒன்றும் சொல்லாது. வேண்டாத ஒன்றை நீக்கினால் மற்றதன் கோப்புகளும் சேர்ந்து போய்விடும். எனவே ‘பிப் லிஸ்ட்’டில் அந்தக் குடும்பத்தில் உள்ள எல்லாவற்றையும் நீக்கி, ஒன்றை மட்டும் நிறுவுங்கள்.

அறிகுறி: என்பிஎம்மில் ‘இ-ரிசால்வ்’, கோ (Go) மொழியில் ‘ரிப்ளேஸ்’ வேலை செய்யவில்லை

ஜாவாஸ்கிரிப்ட்டின் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம், 7ஆம் பதிப்பு முதல் பியர் டிபென்டன்சிகளை (தன்னைப் பயன்படுத்தும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பேக்கேஜ் எதிர்பார்ப்பவை) தானே நிறுவ முயல்வதால், முன்பு எச்சரிக்கையாக இருந்தது எர்ரரானது. ‘லெகசி-பியர்-டெப்ஸ்’ பழைய மௌனத்தைத் திருப்பித் தரும், மோதலைத் தீர்க்காது. ‘என்பிஎம் எக்ஸ்பிளெயின்’ யார் எதைக் கேட்கிறார் என்று காட்டும். கேட்பவரைப் புதுப்பிக்க வழியில்லாதபோது மட்டும், பதிப்பை நாமே கட்டாயமாகச் சொல்லும் ‘ஓவர்ரைட்ஸ்’ (overrides) எழுதுங்கள்.

அதுவும் கோ மொழியின் ‘ரிப்ளேஸ்’ஸும் (ஒரு நூலகத்துக்குப் பதில் இன்னொன்றை எடுக்கச் சொல்லும் வரி) ஒரே குணம் கொண்டவை: உங்கள் சொந்த திட்டத்தின் மேல்மட்டக் கோப்பில் எழுதினால்தான் செல்லும். நீங்கள் வெளியிடும் நூலகத்துக்குள் எழுதி வைத்தால், அதைப் பயன்படுத்துபவரிடம் அது சத்தமில்லாமல் விடுபடும். உங்களிடம் ஓடும், அவரிடம் ஓடாது. கோ மொழியில் ‘ரிப்ளேஸ்’ உள்ள மாட்யூலைப் பதிப்பு எண் சொல்லி ‘கோ இன்ஸ்டால்’ செய்யப் போனால், அந்த வரியைச் சுட்டிக்காட்டி மறுத்தே விடும். கிளைத்த நூலகத்தைத்தான் நிரந்தரமாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், அதன் மாட்யூல் பெயரை மாற்றி வெளியிட்டு, இம்போர்ட் வரிகளையும் அந்தப் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ‘ரிப்ளேஸ்’ தேவையே இருக்காது.